பென்யமீன் என்று சொல்ல வேண்டியவர்

மகனுக்குப் பென்யமீன் என்றுதான் பெயர் வைப்பேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே சொல்லிவிட்டேன். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இக்காஸ்டில் அந்தப் பெயரில் பிள்ளைகள் நிறைய. டேனிஷ்காரரின் வாயிலும் நுழையும், எங்கள் வேதாகமத்திலும் இருக்கிறது. பிறகென்ன?

மச்சாளுக்குத்தான் பிடிக்கவில்லை. என் கணவரின் அக்கா அவர். பிரெடெரிசியாவிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு வந்து நின்றவர். எனக்கு இரத்தம் நிற்காமல் டாக்டர்மார் ஓடித் திரிந்ததை நேரில் பார்த்தவர்.

"வேணாம் புள்ள. அந்தப் பேருக்காரனப் பெத்த உடனே தாய் செத்தவ," என்றார்.

அது உண்மைதான். வேதாகமத்தில், சாகும் வேளையில் அந்தத் தாய் வைத்த பெயர் பெனொனி. எபிரேய மொழியில் என் துக்கத்தின் மகன் என்று பொருள். தகப்பன் அதற்குச் சம்மதிக்கவில்லை. வலது கையின் மகன் என்று பொருள்பட, பென்யமீன் என்று மாற்றினான். வலது கை என்றால் அந்த மக்களுக்குப் பலம், மரியாதை. தாயின் சாவைப் பிள்ளையின் தலையில் கட்ட அவன் விடவில்லை.

நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் இருந்தது. என் கணவர் பிறந்த அன்றே மாமியார் இறந்துபோனார். தாயைத் தின்ட பிள்ளை என்று மட்டக்களப்பில் சொந்தக்காரர் சொல்லிச் சொல்லி அவர் வளர்ந்தார். இன்றுவரை தன் பிறந்தநாளுக்கு ஒரு கேக் வெட்ட விடமாட்டார் மனுஷன். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞானஸ்நானத்தன்று பிள்ளையை மச்சாளிடமே கொடுத்தேன், அவர்தான் ஞானத்தாய். இங்கே போதகர் பெயர் என்னவென்று கேட்பார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர் சபைக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். அக்கா வேறு பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று கணவருக்குப் பயம். எனக்கு இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவருக்கு நான் பாடம் எடுக்கவா வேண்டும்?

போதகர் கேட்டார். மச்சாள் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். உயிரோடுதான் நிற்கிறேன், பாருங்கள் என்பதுபோல் நான் நன்றாக நிமிர்ந்து நின்றேன்.

பென்யமீன் என்றார், கோயில் முழுக்கக் கேட்க.

பிறகு நாங்கள் உட்காரும் வாங்குக்கு வந்து, பிள்ளையை என் கணவரின் மடியில் வைத்து, தம்பியின் தலையைத் தடவினார்.

"அந்தத் தகப்பன் செஞ்சத நம்மட அப்பா உனக்குச் செய்யல்ல, தம்பி," என்றார்.

அந்த மனுஷன் அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.