பத்மாவதியின் பச்சைத்தண்ணி விரதம்

பத்மாவதி இடியப்ப உரலை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்துகொண்டிருந்தாள். கந்தசஷ்டியின் மூன்றாம் நாள் மாலை. தட்டில் விழுந்த இடியப்பமெல்லாம் ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தன. மூன்று நாளாக வயிற்றுக்குள் போனது தண்ணீர் மட்டும்.

ஆறு நாளும் பச்சைத்தண்ணியோடு இருக்கிற மனுசி என்று இணுவிலில் அவளுக்குப் பெயர். எட்டு வருடத்துக்கு முன் சஷ்டி தொடங்கிய அன்று அவளுக்கு வயிற்றோட்டம். தண்ணீரைத் தவிர எதுவும் தங்கவில்லை. பக்கத்து வீட்டு மீனாம்பிகை எட்டிப் பார்த்துவிட்டு, கடும் விரதம் என்று கோயில் வீதியெல்லாம் சொல்லிவிட்டாள். சனம் கும்பிட்டது. மறுக்கக் கூச்சம். அடுத்த வருடம் சுகமாக இருந்தும் பட்டினி கிடந்தாள். இப்போது வயது அறுபத்தொன்று, நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வேறு. பட்டினியோடு குளிசை போட்டால் மயங்கி விழுவீர்கள் என்று கிளினிக்கில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

அன்றும் மீனாம்பிகை வந்தாள்.

"அக்கா, சூரன்போர் அண்டைக்கு உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகினமாம். மைக்கிலையும் சொல்லுவினம்."

"மாமி அதுவரைக்கும் எழும்பி நிண்டால் போர்த்தட்டும். இல்லாட்டி வேறை துணிதான் போர்த்த வேணும்" என்றாள் மருமகள் வினோஜா.

பத்மாவதிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் இருண்டது. வினோஜா தாங்கிப் பிடித்துச் சீனித்தண்ணீர் பருக்கினாள்.

தலை தெளிந்ததும் பத்மாவதி சொன்னாள்: "மீனா, நான் ஒரு விரதக்காரியும் இல்லை. அந்த வருசம் எனக்கு வயித்தாலை போனது. அவ்வளவுதான்."

மீனாம்பிகையின் கண் கலங்கியது. "பார்த்தியே பிள்ளை, எவ்வளவு அடக்கம்!"

"அடக்கமில்லையடி, வயித்தாலை!"

"முருகா!" என்று கும்பிட்டபடி, அதையும் ஊருக்குச் சொல்ல அவள் புறப்பட்டுவிட்டாள்.

"கதைச்சுச் சரிவராது மாமி, சாப்பிட்டுத்தான் காட்ட வேணும். உங்களுக்கு என்ன விருப்பம்?"

பத்மாவதி கனநேரம் யோசித்தாள். தன் மனுசனுக்குப் பிடித்தது, மகனுக்குப் பிடித்தது எல்லாம் உடனே வந்தன. தனக்குப் பிடித்ததுதான் பிந்தி வந்தது.

"புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். நல்ல உறைப்பாய்."

மறுநாள் காலை, சனம் பூசைக்குப் போகும் நேரம் பார்த்து, வீட்டு வாசல் படலையடியில் கதிரை போட்டு உட்கார்ந்து பத்மாவதி சாப்பிட்டாள். கும்பிட்டவர்களுக்கு வாய் நிறையப் புட்டோடு தலையை ஆட்டினாள். மீனாம்பிகை வந்து வாயைப் பிளந்து நின்றபோது, சாப்பாட்டுக் கோப்பையை வினோஜாவிடம் நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள்.