சொர்ணலதாவின் ஆறும் எட்டும்

சொர்ணலதா ரயில்வே குமாஸ்தா ஒருவரின் மகள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். 1997இல் விஜயநகரில் ஒரு வீட்டு மாடியில் பசவராஜ் நடத்திய கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை பார்த்தாள். கம்பெனிகளுக்கு எழுத்துகளைத் திரையில் வரைந்து கொடுப்பது அவள் வேலை.

நஞ்சன்கூட்டில் ஒரு சாயத் தொழிற்சாலை. பெயர்ப்பலகை, லெட்டர்பேடு, இயந்திரத் திரை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஆங்கில எழுத்து வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு மாதம் உழைத்தாள். கூர்முனை எங்குமே கிடையாது. ‘ஓ’ அப்பழுக்கில்லாத வட்டம். கோடுகளின் முனையெல்லாம் விரல்நுனிபோல உருண்டிருந்தன. எண்களையும் அப்படியே வரைந்தாள். பெரிதாக அச்சடித்துப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

இயந்திரத் திரைக்காகச் சிறிதாக்கியபோதுதான் உறுத்தியது. ஆறின் வால் வளைந்து வந்து வட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

“சார், ஆறு எட்டு மாதிரி தெரியுது. வாலை நிமிர்த்திடட்டா? ரெண்டு நாள் போதும்.”

“சென்னாகிதே கணம்மா, பிட்பிடு,” என்றார் பசவராஜ். நன்றாகத்தான் இருக்கிறது, விட்டுவிடு என்று அர்த்தம். மறுநாளே கொடுத்தாக வேண்டும். அவளும் விட்டுவிட்டாள்.

கொடுத்த நான்காம் மாதம் தொழிற்சாலையிலிருந்து செய்தி வந்தது. சூடு அறுபது டிகிரிக்கு இறங்கிய பிறகே சாயத் தொட்டியைத் திறக்கலாம். திரையில் எண்பது இருந்திருக்கிறது. அனூர்ப் பக்கத்துத் தமிழ்த் தொழிலாளி பழனிமுத்து அதை அறுபது என்று படித்து மூடியைத் திறந்துவிட்டார். உள்ளிருந்து பீறிட்ட சாயநீர் முகத்தில் அடித்தது.

சொர்ணலதா ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் முகத்தில் கண்களோடு சேர்த்துக் கட்டுப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் மனைவி பாக்கியலட்சுமி.

“என்ற கண்ணு மங்கிப்போச்சுங்க அம்மிணி, அதான் தப்பாப் படிச்சுட்டேன்,” என்றார் அவர். “மேனேசரு அப்படித்தான் சொன்னாரு. அப்படியே எழுதி என்ற கைரேகையும் வாங்கிட்டுப் போனாங்க.”

“உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லண்ணா. அந்த நம்பரை வரைஞ்சது நான்தான். சரியாத் தெரியலைன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

பாக்கியலட்சுமி கேட்டாள்: “தெரிஞ்சேவா உட்டீங்க?”

சொர்ணலதா நிலையத்துக்குப் போய், இரண்டு எண்களையும் திரையில் தெரியும் அளவிலேயே அச்சடித்து, நடந்ததை எழுதித் தொழிற்சாலை ஆய்வாளரிடம் நேரில் கொடுத்தாள். அன்றோடு அவள் வேலை போயிற்று. பன்னிரண்டாம் நாள் காயம் சீழ்பிடித்துப் பழனிமுத்து இறந்துபோனார்.

தொழிற்சாலை ஒரே வாரத்தில் எண்களை மாற்றிக்கொண்டது. விசாரணை முடிய எட்டு மாதம் ஆயிற்று. தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று எழுதியவர்கள், எண்கள் தெளிவாக இல்லாததும் ஒரு காரணம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

சொர்ணலதா அந்த அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டு அனூருக்கு பஸ் ஏறினாள். பாக்கியலட்சுமி அவளை உட்காரச் சொல்லவில்லை. கன்னடத்தில் இருந்ததைச் சொர்ணலதா தமிழில் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டாள். பிறகு தாளை வாங்கி வீட்டுக்குள் வைத்துவிட்டுக் காட்டுவேலைக்குக் கிளம்பிப் போனாள்.

சொர்ணலதா அதன்பின் எழுத்து வரையவில்லை. ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள்.