அண்ணி எழுதிய ப்ளஸ் டூ

எங்கள் வீட்டில் நன்றாகப் படித்தவர் அண்ணிதான். ஆனால் எந்த ஆபீஸில் போய்ச் சொன்னாலும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆபீஸ் கணக்குப்படி படித்தவள் நான். பி.எஸ்சி. கணிதம், அதற்கு மேல் பி.எட். கணிதத்தில் அரியர், இயற்பியலில் அரியர் என்று வைத்து, மறுபடி மறுபடி எழுதிக் கரையேறிய பட்டம் என்னுடையது. அண்ணி பி.ஏ. வரலாறு. ஒரு தாளில்கூடத் தவறியதில்லை. என் பட்டம் செல்லும், அவருடையது செல்லாது. இதில் உன் பங்கு என்ன என்று வீட்டில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது மனசு ஆறியிருக்கும்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம்தான் நான் அரியலூரில் காலேஜ் சேர்ந்தேன். 1997. திருமானூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலையில் பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ்ஸுக்கு முன்னால் எழுந்து எனக்குச் சோறு கட்டிக் கொடுப்பது அண்ணியின் வேலையாகிவிட்டது. யாரும் அவரிடம் சொல்லவில்லை, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூட. பத்தாம் வகுப்பில் என்னைவிட நல்ல மார்க். ப்ளஸ் ஒன் படிக்க வேறு ஊருக்குப் பஸ்ஸில் போக வேண்டும் என்பதால் நிறுத்திவிட்டார்கள். கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் அந்த மார்க் ஷீட்டை வைத்திருந்தார். அவர் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை காலேஜ் மரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, மதிய வகுப்புக்குப் போகாமல் அரட்டை அடித்திருக்கிறேன். டப்பாவைத் திரும்பக் கொண்டுவந்து அவரிடமே கழுவப் போடும்போது கொஞ்சம் உறுத்தும். மறுநாள் மறந்துவிடும்.

சாயங்காலம் நான் வந்ததும் அண்ணி கேட்க ஆரம்பித்துவிடுவார். "மேஜர்னா என்ன பாப்பா? அலைடுன்னா?" மேஜர்தான் முக்கியப் பாடம், மூன்று வருஷமும் வரும், அலைடு அதற்குத் துணையாகக் கொஞ்ச காலம் கூட வரும் என்று விளக்குவேன். தவறிய தாள் அரியர் ஆகிப் பின்னாலேயே வரும் என்றும் சொன்னேன். அதில் எனக்கு அனுபவம் உண்டு. அடுத்த வாரமே அதெல்லாம் அடுப்படிக்கு வந்துவிட்டது. "இன்னைக்கு மேஜர் சாம்பாரு, அலைடு கத்திரிக்கா," என்பார். துவைக்காமல் கிடக்கும் துணி மூட்டைக்கு அரியர் என்று பெயர். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்துத் தலையெல்லாம் தூசியாக வரும் அண்ணன், "என்னடி இது, நம்ம வூட்ல காலேஜ் நடக்குதா?" என்று சிரிப்பார்.

ஒருநாள் துணி மடிக்கும்போது கேட்டேன், படித்திருந்தால் என்ன ஆகியிருப்பீங்க என்று. யோசிக்கவே இல்லை. "டீச்சர்தான். பத்தாவது படிக்கயில ஒருநாள் ஏழாம் வகுப்பு டீச்சர் வரல. என்னப் போயி பாத்துக்கச் சொன்னாங்க. புள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு வணக்கம் சொல்லுச்சுங்க பாப்பா. அது மாதிரி இன்னொரு தடவ நிக்கணும்," என்றார். அதைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த வருஷம் அரியலூர் பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க ஒரே விளம்பரம். பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும், பள்ளிப் படிப்பு தேவையில்லை, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம். முதலில் ஃபவுண்டேஷன் என்று ஒரு ஆரம்பப் படிப்பு, அதில் தேறினால் மூன்று வருஷ பி.ஏ. நான் விண்ணப்பம் வாங்கிவந்து அண்ணி மடியில் போட்டேன். அவர் சந்தோஷப்பட்டார். ஆனால் உடனே கையெழுத்துப் போடவில்லை.

"ப்ளஸ் டூவ பிரைவேட்டா எழுதிட்டு அப்புறமா இதுக்குப் போவமா பாப்பா? நடுவுல ஒரு படிய விட்டுட்டுப் போனா பின்னாடி ஏதாவது சொல்லிருவாங்களோ?"

"எதுக்கண்ணி காலத்த வீணாக்கிக்கிட்டு? டிகிரி வாங்குனவங்ககிட்ட எவன் ப்ளஸ் டூ கேக்கப் போறான்?"

"அதுவும் சரிதான். காலேஜுக்குப் போறவ நீ, உனக்குத் தெரியாதா," என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்.

எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. அவருக்கு எதையாவது சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். அது அவருக்காக மட்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் அவர் கையால் சோறு வாங்கிக்கொண்டு பஸ் ஏறும்போது என் மனசு லேசாக இருக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ப்ளஸ் டூ எழுத வருஷங்கள் ஆகும். அதுவரை உறுத்தலைத் தாங்க நான் தயாராக இல்லை.

அண்ணி ஃபவுண்டேஷன் தேறினார். பி.ஏ. சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரம்பலூரில் தொடர்பு வகுப்பு. அங்கே லப்பைக்குடிக்காட்டுப் பெண்கள் சிலர் வருவார்கள், வீட்டுக்காரர்கள் வளைகுடாவில். அவர்களோடு சேர்ந்து நோட்ஸ் எழுதுவார், பஸ்ஸில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார்கள். இரண்டாம் வருஷத்தில் பெண் குழந்தை பிறந்தது. அந்த வருஷப் பரீட்சைக்கு நான்தான் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் ஓடிவந்து பால் கொடுத்துக்கொண்டே, "எல்லாம் எழுதிட்டேன், ஒண்ணும் விடல," என்றார். பக்கத்தில் நான் என் அரியர் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன்.

அவர் பி.ஏ. முடித்த சமயத்தில்தான் நானும் கடைசி அரியரை ஒருவழியாகத் தாண்டினேன். இரண்டு பேரும் ஒன்றாக பி.எட். விண்ணப்பம் போட்டோம். 2002 என்று நினைவு. பெரம்பலூரில் ஒரு காலேஜ். ஆபீஸ் ஜன்னலில் இருந்தவர் நடுத்தர வயது, மரியாதையான மனிதர். என் தாள்களைப் புரட்டினார், சரி என்று ஒதுக்கி வைத்தார். எத்தனை தடவை எழுதித் தேறினாய் என்று கேட்கவே இல்லை. அண்ணியுடையதை இரண்டு முறை புரட்டினார்.

"ப்ளஸ் டூ மார்க் ஷீட்டு வைக்கலையேம்மா?"

"ப்ளஸ் டூ இல்லைங்க. ஃபவுண்டேஷன் இருக்குங்க," என்றார் அண்ணி.

"பத்து, பன்னெண்டு, அதுக்கப்புறம் மூணு வருஷம். அந்த வரிசையில வந்தவங்களத்தான் எடுப்போம். இது ஓப்பன் டிகிரி. இது பி.எட்.டுக்கு ஆவாதுங்க."

அண்ணி தன் தாள்களை மட்டும் திரும்ப வாங்கி, ஓரம் மடங்காமல் பைக்குள் வைத்தார். நான் என்னுடையதையும் திருப்பிக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது நிஜம். கேட்காததும் நிஜம்.

பஸ்ஸில் அவர்தான் முதலில் பேசினார். "நீ சேந்துரு பாப்பா. என்னைய நெனச்சுக்கிட்டு விட்டுராத. ஒரு படிதானே விட்டுப்போச்சு? நான் ப்ளஸ் டூவ எழுதிச் சேத்துக்கிறேன்."

"ஆமாண்ணி, அது போதும்," என்றேன். மறுபடியும் நான்தான். அது போதுமா என்று அந்த மனிதரிடம் கேட்டிருக்கலாம். பஸ் இன்னும் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவில்லை. அந்த ஜன்னலுக்கு முன்னால் திரும்பப் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். அண்ணனுக்கும் இது நியாயமாகவே பட்டது. விழுந்த பல்லுக்குப் பல்லு கட்டிக்கிற மாதிரி கட்டிக்க வேண்டியதுதான் என்றார். பட்டதாரிகள் இருக்கும் வீட்டில் இப்படி ஒரு யோசனை எங்கள் மூன்று பேருக்கும் சரியாகப் பட்டதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அண்ணி தனித்தேர்வராகப் ப்ளஸ் டூவுக்குப் படித்தார். அதற்குள் நான் பி.எட். முடித்து, பெரம்பலூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். முதல் பரீட்சை அன்று அரியலூரில் ஹால் வரைக்கும் கூடப் போனேன். உள்ளே இருந்ததெல்லாம் போன வருஷம் தவறிய பிள்ளைகள். அண்ணி புடவையில் உள்ளே நுழைந்ததும், பரீட்சை மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என்று நினைத்து அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் வாசலிலிருந்து பார்த்தேன். அண்ணி ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். "உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சுக்குப் போய்த் தன் நம்பரைத் தேடி உட்கார்ந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "நின்னுட்டேன்ல பாப்பா, ஒரு வகுப்பு முன்னாடி!" என்றார். நானும் சிரித்தேன். மறுநாள் என் வகுப்பில் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னபோது என்னால் அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நல்ல மார்க்கில் தேறினார். மறுபடி அதே ஜன்னல், அதே மனிதர். அண்ணி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்தார். பத்து, பன்னிரண்டு, பி.ஏ. அவர் ஒவ்வொன்றிலும் வருஷத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஏம்மா, மாடியக் கட்டிட்டுக் கீழ்வூட்டக் கட்டியிருக்கீங்களே. ப்ளஸ் டூ முன்னாடி இருக்கணும், டிகிரி பின்னாடி வரணும். இப்ப இந்த ப்ளஸ் டூவுக்கு மேல இன்னொரு டிகிரி பண்ணுனாத்தான் செல்லும்."

நான் கத்திவிட்டேன். "அதே ஆளு, அதே தலை, படிச்சது எல்லாம் உள்ளதான சார் இருக்கு? முன்னாடி படிச்சா என்ன, பின்னாடி படிச்சா என்ன?" என்றேன். ஜன்னலில் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர், "சட்டம் நான் போடலைங்க," என்றார். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். "வா பாப்பா. அவரு என்ன பண்ணுவாரு."

அவரை நான் திட்டியது எதற்கு என்று எனக்குத் தெரியும். திட்ட வேண்டிய ஆள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த நான்தான்.

அதன்பிறகு அண்ணி படிப்புப் பேச்சை எடுக்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வழக்கம்போலச் சோறு போடுவார். ஒருநாள் வேண்டுமென்றே, "இன்னைக்கு என்ன அலைடு அண்ணி?" என்று கேட்டேன். "சோறு, கொழம்பு," என்றார். முகத்தில் கோபமே இல்லை. நீதானே சொன்னாய் என்று ஒருமுறை கேட்டுவிட மாட்டாரா என்று காத்துக்கொண்டே இருந்தேன். எனக்கோ டீச்சர் வேலை பிடிக்கவும் இல்லை. சாக்பீஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அண்ணி நினைவு வரும். அந்த எரிச்சலைப் பிள்ளைகள்மேல் காட்டியிருக்கிறேன். அவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் ஒரு பிள்ளையை அதட்டியிருக்க மாட்டார்.

2007இல் அவரே போன் செய்தார். மறுபடி பி.ஏ. சேரப் போகிறேன், ஃபாரம் வாங்கி வா என்றார். இந்த முறை நான் அந்த ஆபீஸ் ஜன்னலுக்குப் போனேன். ப்ளஸ் டூவுக்குப் பிறகு அஞ்சல்வழியில் மூன்று வருஷம் படித்தால் எடுப்பீர்களா என்று கேட்டேன். இன்னொரு காலேஜிலும் போய்க் கேட்டேன். இரண்டு இடத்திலும் எடுப்போம் என்றார்கள். வீட்டுக்கு வந்து ஃபாரத்தை அண்ணி முன்னால் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தான் அண்ணி உங்களக் கெடுத்தேன். அன்னைக்கே நீங்க ப்ளஸ் டூ எழுதுறேன்னு சொன்னீங்க."

"சும்மா இரு. நீ அந்த ஃபாரத்தக் கொண்டாந்து போடலன்னா நான் புத்தகத்தையே தொட்டிருக்க மாட்டேன். அழுவாம எழுது, உன் எழுத்துதான் அழகா இருக்கும்."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் கனத்தது. வேறு பாடமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "எதுக்கு? வரலாறே போடு. நோட்ஸெல்லாம் அப்படியே இருக்கு," என்றார். பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் எழுதினேன். கடைசியாகத் தேர்ச்சி பெற்ற படிப்பு என்ற இடம் வந்தது. பேனா நின்றுவிட்டது. வேப்பமரத்தடியில் குழந்தையோடு நான் உட்கார்ந்திருந்த அந்தப் பரீட்சையெல்லாம் எங்கே எழுதுவது?

அண்ணி எட்டிப் பார்த்தார். "ப்ளஸ் டூன்னு போடு பாப்பா. கடைசியா பாஸ் பண்ணது அதுதானே?"

பொய் இல்லை. எழுதினேன். ஃபாரத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்துக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தடவ வரிசை சரியா வரும்ல பாப்பா?"

"வரும் அண்ணி. ரெண்டு எடத்துல கேட்டுட்டேன்."

"எங்கயும் கேக்க வேணாம். நீ சொன்னா சரிதான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.