அமிர்தநாதனின் மீன்

என் அக்கா மார்த்தாவின் கணவர் அமிர்தநாதன் இறந்ததைப் பற்றி ரங்கூன் பத்திரிகை ஒன்றில் இரண்டு வரி வந்தது. ‘மீன் மார்க் கைத்துப்பாக்கிக் கம்பெனியின் முன்னாள் ஊழியர்’ என்று போட்டிருந்தார்கள். அவர் அந்தக் கம்பெனியில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அந்தப் பொய்யே கடைசிப் பேச்சாக நின்றுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் வேலை பார்த்தது சாதிக் பாட்சாவின் துப்பாக்கிப் பட்டறையில். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பிஸ்டல் ஒன்றை அங்கே மாதத்துக்குச் சிலவாகச் செய்தார்கள். லைசென்ஸ் உள்ள அரிசி வியாபாரிகளும் மர வியாபாரிகளும் சொல்லிவைத்து, காத்திருந்து வாங்குவார்கள். இந்த ஊரில் ஆண்களுக்குச் சுருட்டு, சாவி, எல்லாமே லுங்கியின் இடுப்பு மடிப்பில்தான். பேச்சுக்கு நடுவே எழுந்து நின்று, லுங்கியைத் தளர்த்தி, உதறி, மறுபடி முடிவார்கள். முடியும்போது பிஸ்டல் நழுவும், தரையில் விழும். அதனால் வெடிக்காமல் தடுக்கும் அதன் பாதுகாப்புக் கொக்கி கல் மாதிரி இறுக்கமாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் ஒழிய நகராது.

அத்தான் பொறுமைசாலி அல்ல. மீசையைப் பற்றிக் கர்வம், எதற்கும் உரத்த குரல், மாதா கோயிலில் சுருதி விலகினாலும் எல்லோரையும் மிஞ்சிய பாட்டு. ஆனால் ஒவ்வொரு பிஸ்டலையும் வெற்றுத் தோட்டா போட்டுத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டறையின் சிமென்ட் தரையில் நாள் முழுக்க லுங்கியை அவிழ்த்து முடிந்து, அதை விழவைத்துப் பார்ப்பார்.

“அமிர்தம், இன்னைக்கும் அவிழ்த்துப் போட்டு ஆடுறியா?” என்று பாட்சா கிண்டல் செய்வார்.

“நான் இங்க ஆடலன்னா வாங்கினவன் வீட்டுல அழுவாங்க பாய்,” என்பார் அத்தான்.

விழுந்தும் வெடிக்காத பிஸ்டலின் பிடியில் மட்டும் ஒரு சின்ன மீனைத் தன் கையால் செதுக்குவார். மீன் இருந்தால்தான் ரங்கூன்காரர்கள் வாங்குவார்கள்.

பாட்சாவுக்குப் பார்வை மங்கியபோது ஒரு பெரிய சீமைத் துப்பாக்கிக் கம்பெனி வந்தது. பிஸ்டலின் வரைபடங்களையும் உரிமையையும் வாங்கிக்கொண்டது. மீனும் அதோடு சேர்ந்து போனது. பாட்சா அதைத் தனியாக யோசிக்கவே இல்லை. அத்தானிடம் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு பெட்டி பெட்டியாகப் புதுப் பிஸ்டல்கள் கப்பலில் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் இயந்திரம் குத்திய மீன். கொக்கியோ வெண்ணெய் மாதிரி வழுக்கியது. அத்தான் ஒன்றை இரவல் வாங்கி இடுப்பில் செருகி, லுங்கியை முடிந்தார். துணியின் உராய்விலேயே கொக்கி விலகியது. கீழே விழுந்ததும் வெற்றுத் தோட்டா வெடித்தது.

கம்பெனி ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். அங்கே குமாஸ்தா ஆரோக்கியநாதன் எங்கள் கோயில்காரர்தான்.

“கொக்கி இறுக்கமா இருந்தா விரல் வலிக்குதுன்னு சீமையில புகார் அண்ணே. கனவான்கள் கால்சட்டைப் பையிலதான வைக்கிறாங்க,” என்றார்.

“அப்ப கால்சட்டைக்கே விக்கச் சொல்லு. லுங்கிக்காரனுக்கு ஏன் என் மீனைக் காட்டி விக்கிறான்?”

“மீன் இப்ப கம்பெனியோடது அண்ணே.”

“இடுப்பு எவனோடது?”

ஆரோக்கியநாதன் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்த துரை வெளியே வரவே இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் அரிசி வியாபாரி இப்ராஹிம் ஆற்று வழியே த்வாண்டே ஊருக்கு லாஞ்சுப் படகில் போனார். கரை நெருங்கியதும் எழுந்து நின்று லுங்கியை முடிந்தார். இடுப்பிலிருந்த கம்பெனிப் பிஸ்டல் பலகையில் விழுந்து வெடித்தது. குண்டு தொடையைத் துளைத்தது. லாஞ்சு கரை சேர்வதற்குள் அவர் போய்விட்டார். ‘கவனக்குறைவாக எடுத்துச் சென்றதே காரணம்’ என்று கம்பெனி அறிக்கை விட்டது. செத்தவன் மேலேயே பழியைப் போட அவர்களுக்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

இப்ராஹிமின் மனைவி கரீமா, மிங்கலா தாங்ஞுன்டில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்தார். அழவில்லை. “மீன் இருக்கான்னு பாத்துத்தான் அவரு வாங்குனாரு,” என்று மட்டும் சொன்னார். நடந்ததையெல்லாம் அக்கா எடுத்துச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அத்தான் கம்பெனிக் கடை வாசலில் போய் நின்றார். உள்ளே நுழைகிறவர்களிடமெல்லாம், “அந்த மீன் என்னோடது இல்ல. இடுப்புல வைக்காதீங்க,” என்றார். சிலர் திரும்பிப் போனார்கள். பலர் பைத்தியம் என்றார்கள். கம்பெனி போலீசைக் கூப்பிட்டது. பிடித்துப்போன போலீஸ் விட்டதும் மறுபடி போனார். அடுத்த மழையிலும் அங்கேதான் நின்றார். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் கிடந்து இறந்தார். கொக்கி மாறவில்லை, மீனும் போகவில்லை. இன்றைக்கும் கம்பெனிக் கடையின் கண்ணாடி அலமாரியில் அந்தப் பிஸ்டல்கள் வரிசையாக இருக்கின்றன.

கல்லறைக் கல்லில் சிலுவைக்குக் கீழே ஒரு மீன் வேண்டும் என்று அக்கா கேட்டாள். கல்வெட்டுகிற தங்கவேலு உளியைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கினார்.

“இது துப்பாக்கி மீனுல்ல? கம்பெனிக்காரன் ஏதாச்சும் கேப்பானோ அக்கா?”

“கேக்கட்டும்,” என்றாள் அக்கா. “இங்க வந்து, அவரு தலைமாட்டுல நின்னு கேக்கட்டும். நீங்க வெட்டுங்க.”