நிலானி சொல்லிக் கொடுத்த வாக்கியம்

நிலானி மட்டக்களப்பில் மருத்துவ ஆராய்ச்சி மாணவர்களைப் பழக்குகிறவள். ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தது மருந்தாக வேண்டுமென்றால், முதலில் நோயாளியோடு பேசத் தெரிய வேண்டும் என்பது அவள் பிடிவாதம். எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தை மனப்பாடமாக்கிவிடுவாள்: "இந்த மருந்து உங்களுக்கு உதவுமெண்டு சொல்லேலாது, பின்னுக்கு வாறவங்களுக்கு உதவலாம்." அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "ஆறுதல் சொல்லப் போனா அது பொய்யாப் போயிரும்" என்பாள்.

தன்னாமுனையில், வாவியில் வலை வீசிப் பிழைத்த அவளுடைய அண்ணன் நோபேட்டுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப்போயின. இன்னும் பரிசோதனையில் இருக்கும் மருந்துக்குச் சம்மதம் கேட்டு, அவள் மாணவன் மதுரன் ஆஸ்பத்திரிக் கட்டிலடிக்கு வந்தான். நிலானி அண்ணனின் கால்மாட்டில் நின்றாள். வாக்கியத்தைப் பிசகாமல் சொன்னான். நோபேட்டின் முகத்தைப் பார்த்ததும் குரல் தளர்ந்து, "கவலைப்படாதீங்க அண்ணன், எல்லாம் சரிவரும்" என்றும் சேர்த்தான்.

நோபேட் தங்கையைப் பார்த்தான். "இவன் சொல்றது மெய்யா தங்கச்சி?"

விலகிக் கிடந்த போர்வையை அவன் காலில் இழுத்துவிட்டாள்.

"முதல் சொன்னது மெய்" என்றாள். பிறகு மதுரன் பக்கம் திரும்பினாள்.

"கடைசியாச் சொன்னதை அடுத்த கட்டில்ல சொல்லாத."