விசிறியை நிறுத்திய பின் கேட்ட ஓசை

ஆயர் ஈத்தாம் என்னும் ஊரில் தம்பி பட்டறை திறந்தபோது நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் துறையின் மூத்த விரிவுரையாளராக இருந்தேன். எங்கள் சோதனைக்கூடத்திலிருந்து என் கையொப்பமின்றி எந்த அறிக்கையும் வெளியேறியதில்லை. பின்னால் வரும் செய்திக்குத் தேவைப்படுவதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

தம்பி காஹாங் ஊருக்கு அருகே, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், எங்கள் பெற்றோருக்கு இளைய மகனாகப் பிறந்தார். தந்தையார் மறைந்ததும், என் கல்லூரிப் படிப்பு தடைபடக் கூடாதென்று தாம் பள்ளியை விட்டுச் சிங்கப்பூர்ப் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். பழங்கால மகிழுந்துகளின் டைனமோக்களை, அதாவது விளக்குக்கும் பேட்டரிக்கும் மின்சாரம் தரும் கருவிகளை, பழுதுபார்க்க அங்கேதான் கற்றார். ஊர் திரும்பித் தொடங்கிய பட்டறையிலும் அதுவே அவர் தொழிலாயிற்று.

சோதனை மேசையில் டைனமோவைச் சுழலவிட்டு, முகப்பு விளக்குகளை எரியவைத்து, நீண்ட திருப்புளியின் முனையை அதன்மீதும் பிடியைத் தம் காதிலும் வைத்துக் கேட்பார். அதற்குமுன் மின்விசிறியை நிறுத்திவிடுவார். சட்டை நனைந்து ஒட்டும். உறவினர் பலர் இதைக் கேலி செய்ததுண்டு.

ஒரு விடுமுறையில் நான் அங்கிருந்தேன். சாஆ என்னும் ஊரில் மருந்துக்கடை நடத்திய அன்பர், எங்கள் தந்தையாரைவிட வயதில் மூத்த தம் மகிழுந்தில் மறுநாள் மெர்சிங் ஊருக்குப் புறப்பட இருந்தார். அதன் டைனமோவைச் சோதிக்கும் பொறுப்பை நானே ஏற்று, விசிறியைப் போடச் சொன்னேன். தம்பி போட்டார். மின்னழுத்தமும் மின்னோட்டமும் குறையின்றி இருந்தன. எடுத்துச் செல்லலாம் என்று அன்பரிடம் சொன்னேன்.

தம்பி திருப்புளியை வைத்துக் கேட்டார். "கொஞ்சம் பொறுங்கண்ணே. சத்தம் சரியில்ல."

"அலமாக் பாஸ்! லெக்சரரே ஓக்கேன்னுட்டாரு, இன்னும் என்னா லா?" என்றார் அன்பர்.

"மீட்டர் பொய் சொல்லாதுடா," என்றேன்.

"பொய் சொல்லலண்ணே. டைனமோ இன்னும் சூடாவல, அவ்ளோதான். போனெட்டுக்குள்ள இப்படிக் குளுகுளுன்னா இருக்கும்? செம்பனைக் காட்டு நடுவுல வண்டி நின்னா, உங்கள யாரும் கேக்க மாட்டாங்க. என் கடைப் பேருதான் போவும்."

விசிறியை நிறுத்தினார். மூவரும் வியர்த்தபடி நின்றோம். டைனமோ நன்றாகச் சூடேறியதும், திருப்புளி இல்லாமலே என் காதுக்கும் எட்டியது, இரும்பை இரும்பு உரசும் ஓசை. பிரித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு திருகாணி தளர்ந்து, காந்த இரும்பு இறங்கி, சுழலும் பாகத்தை நகத்தின் அகலத்துக்குத் தேய்த்திருந்தது. அப்படியே ஓடியிருந்தால் கம்பிச்சுற்று வழியிலேயே கருகியிருக்கும். தம்பி அதைச் சீர்செய்து, மீண்டும் சூடேற்றிக் கேட்ட பிறகே ஒப்படைத்தார். அன்பர் மெர்சிங் சென்று, விளக்குகள் எரியத் திரும்பினார். அதன்பின் பழைய வண்டிக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்தும் தம்பியைத் தேடி வந்தனர்.

தம்பி தம் கடைசி நாள்களில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி மேலே பார்த்து, "அண்ணே, இந்த ஃபேனுக்கு பேரிங் போயிருச்சு, சொல்லிடுங்க," என்றார். சொன்னேன். மாற்றினார்கள். போயிருந்தது.

இரவுபகல் பாராது உடனிருந்த தம்பியின் துணைவியாருக்கும், தாதியருக்கும், இறுதி ஊர்வலத்தில் பழைய வண்டிகளோடு வந்து நின்ற நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டுள்ளது.

அந்த டைனமோவின் கோளாறை அண்ணன் கண்டுபிடித்தார், தம்பி கழற்றிக் கொடுத்தார் என்று துக்கவீட்டில் சிலர் பேசினர். அது தவறு. விசிறியைப் போடச் சொன்னவன் நான். நிறுத்தியவர் தம்பி.