தூளியில் தெளித்த தைலம்

என் தம்பி மனைவி கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வேலைக்குப் போகிறாள். அவளுடைய எட்டு மாதப் பெண் குழந்தையைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன மழைக்காலத்தில் குழந்தைக்குச் சளி பிடித்து மூக்கடைத்தது. கல்வராயன் மலைக்குப் போனபோது வாங்கிய நீலகிரித் தைலம் வீட்டில் இருந்தது. உடம்பில் தடவினால் எரியுமே என்று தூளிச் சேலையில் தெளித்து, அதில் குழந்தையைப் போட்டு ஆட்டினேன். அழுகை நின்றது. நிம்மதியாகத் துணி துவைக்கப் போனேன்.

எதிர் வீட்டு மேரி வந்து தூளியை விலக்கியவள், "அக்கா, இன்னா இது? புள்ள மூச்சு இழுத்துக்கினு கெடக்குது!" என்று கத்தினாள். குழந்தையின் கை துவண்டு தொங்கியது. அதே சேலையை அவிழ்த்துக் குழந்தையைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியில் மூச்சு இன்னும் மோசமானது.

"கொழந்தைக்கு எதுனா தடவுனீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. தடவவில்லைதானே என்று நினைத்து, இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மேரி என் தோளை உலுக்கினாள். "வாயத் தொறந்து சொல்லுக்கா! உன்ன இன்னா பொண்ணு பாக்கவா வந்துகிறாங்க?"

"தூளியில தைலம் தெளிச்சேங்க. இந்தச் சேலைதாங்க" என்றேன்.

நர்ஸ் உடனே சேலையை உருவி வெளியே வீசினார். ஆக்ஸிஜன் வைத்தார்கள். "கைக்கொழந்தைக்கு அந்த வாசனையே ஆவாதும்மா" என்றார் டாக்டர். சாயங்காலம் குழந்தை வீறிட்டு அழுதபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது வீட்டில் தைலம் வைப்பதில்லை. சளி என்றால் டாக்டரிடம்தான் போகிறேன். கொடுத்தது, பூசியது, தெளித்தது எல்லாவற்றையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது.

– ஒரு வாசகி, வடக்கனந்தல்